ரோலர்பால் (1975 திரைப்படம்)

ரோலர்பால் என்பது 1975ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில மொழி அறிவியல் புனைவுத் திரைப்படம் ஆகும். கனடா நாட்டவரான நார்மன் ஜூவிசன் இதைத் தயாரித்து இயக்கினார். ஜேம்ஸ் கான் முதன்மை வேடத்தில் நடித்தார். ஜான் ஹவுஸ்மன், மாட் ஆடம்ஸ், ஜான் பெக், மோசஸ் கன், ரால்ஃப் ரிச்சர்ட்சன் ஆகியோர் மற்ற முக்கிய வேடங்களை ஏற்றனர். கதை 2018ஆம் ஆண்டில் நடப்பதாக அமைக்கப்பட்டுள்ளது. நாடுகள் மறைந்து, ஒருசில பெருநிறுவனங்கள் உலகை ஆளும் காலம் அது. மக்களை அடக்கி வைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு கொடூர விளையாட்டில், எவரும் எதிர்பாராத அளவுக்கு நீண்ட காலம் நிலைத்துப் பெரும்புகழ் பெற்றுவிட்ட ஓர் ஆட்டக்காரனைப் பற்றிய படம் இது.

எதிர்காலம் இன்று இருப்பதைவிடக் கேடானதாக இருக்கும் என்று கற்பனை செய்யும் இவ்வகைப் படைப்புகளை மேலைநாட்டார் டிஸ்டோபியா என்பர். தமிழில் கேட்டுலகக் கதை எனலாம். தமிழ் வாசகரிடையே இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது, திருவரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' என்னும் புதினம் ஆகும். ரோலர்பால் எழுப்பும் கேள்விகள் விளையாட்டு, வணிகம், விதி ஆகிய மூன்றையும் பற்றியவை. ஆகவே படத்தைப் பற்றிய செய்திகளுக்குப் பின், திருச்சிராப்பள்ளிப் பகுதியில் நடைபெறும் கிரிக்கெட் போட்டி, ஏறுதழுவல் ஆகியவற்றோடும் சுஜாதாவின் புதினத்தோடும் இப்படம் ஒப்பிடப்படுகிறது.

மூலக்கதை

அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் புனைகதை எழுதக் கற்பித்துவந்த வில்லியம் ஹாரிசன், 1973 செப்டம்பரில் 'எஸ்குயர்' இதழில் ஒரு சிறுகதை வெளியிட்டார். 'ரோலர் பால் மர்டர்' என்பது அதன் பெயர். கூடைப்பந்தாட்டம் ஒன்றைப் பார்க்கச் சென்றபோது அங்கு மூண்ட அடிதடியும், அதைக் கண்டு பார்வையாளர்கள் காட்டிய உற்சாகமும் இக்கதைக்குத் தூண்டுதலாயின. கனடாவில் பனி ஹாக்கி பார்த்து வளர்ந்தவர் ஜூவிசன். அவ்விளையாட்டில் ஆட்டத்திறனைவிடக் கைகலப்பையே மக்கள் விரும்பத் தொடங்கியதைக் கண்டு வருந்தியவர். இருவர் கவலையும் ஒன்றாக இருந்ததால் கதை விரைவில் திரைப்படமாயிற்று. திரைக்கதையையும் ஹாரிசனே எழுதினார்.

படம் அமெரிக்காவில் 1975 ஜூன் 25 அன்று வெளியானது. அதே நாள் இரவில்தான் இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இது தற்செயலான ஒற்றுமையே. ஆயினும் தனிமனிதனின் குரலை அதிகாரம் எவ்வாறு ஒடுக்கும் என்று பேசும் ஒரு படத்தின் பிறந்தநாளாக அந்த நாள் அமைந்ததை இந்திய வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது.

விளையாட்டின் அமைப்பு

ரோலர்பால் என்னும் விளையாட்டு இப்படத்துக்காகவே கற்பனை செய்யப்பட்டது. வெளிப்புறம் உயர்ந்தும் உட்புறம் தாழ்ந்தும் சரிவாக அமைந்த வட்டத் தடம்தான் ஆடுகளம். மிதிவண்டிப் பந்தயத் தடங்களை இது ஒத்திருக்கும். இரண்டு அணிகள் மோதும். பெரும்பாலோர் சக்கரக் காலணி அணிந்து ஓடுவர். சிலர் மோட்டார் சைக்கிளில் செல்வர். சக்கரக் காலணி அணிந்தவர் தம் அணியின் மோட்டார் சைக்கிளைப் பின்னால் பற்றிக்கொண்டு வேகம் கூட்டிக்கொள்ளலாம்.

பீரங்கி போன்ற ஒரு கருவி, கனமான எஃகுப் பந்து ஒன்றைத் தடத்தின் மேல் விளிம்பில் மிகுந்த வேகத்துடன் செலுத்தும். அது சுற்றிச்சுற்றி வேகம் குறைந்து கீழே விழுவதற்குள் ஓர் ஆட்டக்காரர் கையால் பிடிக்க வேண்டும். பிடித்த பின் எதிரணியினரைக் கடந்து தடத்தைச் சுற்றிவந்து, காந்தம் பொருத்திய குழியில் பந்தை அறைய வேண்டும். அதுவே ஒரு புள்ளி. தலைக்கவசமும் முட்கள் பதித்த கையுறையும் ஆட்டக்காரரின் உடையில் அடங்கும். எதிராளியைத் தடுத்தல், தள்ளுதல், வீழ்த்துதல் எல்லாம் ஆட்டத்தின் பகுதியே. எல்லை மீறித் தாக்குபவரை நடுவர் சிறிது நேரம் வெளியேற்றி உட்காரவைப்பார்.

படத்தின் தொடக்கத்தில் இந்த விதிகள் எல்லாம் உள்ளன என்பதை நினைவில் வைப்பது நல்லது. கதை முழுவதும் அவை ஒவ்வொன்றாக எடுக்கப்படும் கதைதான்.

கதைச்சுருக்கம்

நிறுவனங்களுக்கு இடையே நடந்த போர்களுக்குப் பின் உலகில் நாடுகள் இல்லை. எரிசக்தி, போக்குவரத்து, உணவு, செய்தித்தொடர்பு, வீட்டுவசதி, ஆடம்பரம் ஆகிய துறைகளுக்கு ஒவ்வொன்றாகப் பெருநிறுவனங்கள் உலகை நடத்துகின்றன. பசி இல்லை, போர் இல்லை. அதற்கு ஈடாக, நிறுவனம் எடுக்கும் முடிவை எவரும் ஏன் என்று கேட்கக் கூடாது. ஆட்டம் தொடங்குமுன் தேசிய கீதம் பாடுவதில்லை. நிறுவன கீதம் ஒலிக்கிறது. அனைவரும் எழுந்து நிற்கின்றனர்.

எரிசக்தி நிறுவனத்துக்குரிய ஹூஸ்டன் அணியின் தலைவன் ஜோனதன் ஈ. பத்தாண்டுகளாக ஆடிவருபவன். இவ்விளையாட்டில் அவ்வளவு காலம் உயிரோடு இருப்பதே அரிது. மாட்ரிட் அணியை வென்ற பின், நிறுவனத் தலைவர் பார்த்தலோமியூ அவனை அழைத்து ஓய்வு பெறுமாறு கூறுகிறார். அவனுடைய சாதனைகளைப் போற்றும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று தயாராகிறது. அதில் அவனே தன் ஓய்வை அறிவிக்க வேண்டும். காரணம் கேட்டால் பதில் இல்லை. ஜோனதன் மறுக்கிறான்.

அவனுக்கு வேறொரு காயமும் உண்டு. அவன் மனைவி எல்லாவை ஓர் உயர் அதிகாரி விரும்பியதால் நிறுவனம் அவளை அவனிடமிருந்து பிரித்து அவரிடம் ஒப்படைத்துவிட்டது. ஜோனதனைப் பணியவைக்கும் முயற்சியில் அவளே பிற்பகுதியில் தூது வருகிறாள். வெகுகாலத்துக்கு முன்பே மக்களுக்கு வசதியா, சுதந்திரமா என்றொரு தேர்வு இருந்தது, அவர்கள் வசதியைத் தேர்ந்துகொண்டனர் என்று ஜோனதன் அவளிடம் சொல்கிறான். அவள் நிறுவனத்தின் ஆளாகவே வந்திருக்கிறாள் என்பது புரிந்ததும், தான் ஆண்டுக்கணக்காகப் போற்றிவைத்திருந்த அவளுடைய படக்காட்சிகளை அழித்துவிடுகிறான்.

அதிகாரிகளின் விருந்து ஒன்று இடையில் வருகிறது. இரவு முழுதும் குடித்துக் களித்தவர்கள் விடியற்காலையில் தீக்குண்டு வீசும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, உயர்ந்து நிற்கும் மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டு எரித்துச் சிரிக்கின்றனர். ஆடுகளத்தில் ஒருவர்கூட இல்லாத இக்காட்சி, படத்திலுள்ள ஆட்டங்களைவிடக் கொடுமையானது என்று கூறலாம். ஆடுகளத்தில் அடிபடுபவன் திருப்பி அடிக்க முடியும்.

டோக்கியோ அணியுடனான ஆட்டத்தில் ஜோனதனின் நெருங்கிய நண்பன் மூன்பை தலையில் அடிபட்டு நினைவிழக்கிறான். மூளை செயலற்றுவிட்டது, இதயம் மட்டும் கருவியின் துணையால் துடிக்கிறது. கருவியை நிறுத்த ஒப்புதல் தருமாறு மருத்துவர் ஜோனதனிடம் கேட்கிறார். அவன் கையொப்பமிட மறுத்து, நண்பன் எப்படி இருக்கிறானோ அப்படியே இருக்கட்டும் என்கிறான். மறுக்கும் உரிமை எஞ்சியிருக்கும் இடம் அது ஒன்றுதான் போலும்.

இறுதி ஆட்டம் நியூயார்க் அணியுடன். இரு அணியினரும் ஒருவர்பின் ஒருவராகச் சாய்கின்றனர். முடிவில் ஜோனதனும் எதிரணி ஆட்டக்காரன் ஒருவனும் மிஞ்ச, ஜோனதன் அவனைக் கீழே வீழ்த்தி எஃகுப் பந்தை ஓங்குகிறான். எதிரே கண்ணாடி அறையில் பார்த்தலோமியூ. ஓங்கிய கை இறங்கவில்லை. ஜோனதன் எழுந்து மெல்ல நகர்ந்து பந்தைக் குழியில் போடுகிறான். புள்ளிக்கணக்கு 1-0. அமைதியாக இருந்த கூட்டம் அவன் பெயரை முழங்கத் தொடங்குகிறது. பார்த்தலோமியூ அவசரமாக வெளியேறுகிறார். சுற்றிவரும் ஜோனதனின் முகத்தோடு காட்சி உறைந்து படம் முடிகிறது.

விதிகள் நீங்கும் முறை

ஓர் ஆட்டக்காரனை ஓய்வு பெறச் சொல்ல நிறுவனத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்? விடையைப் பார்த்தலோமியூ தம் சக அதிகாரிகளிடம் பேசும்போது கூறுகிறார். தனிமனிதனின் முயற்சியால் பயனில்லை என்று மக்களுக்குக் காட்டுவதே இவ்விளையாட்டின் நோக்கம். எவ்வளவு திறமையானவனும் சில ஆண்டுகளில் நொறுங்கிப்போவான். அணி மட்டும் இருக்கும், நிறுவனம் மட்டும் இருக்கும். ஜோனதன் நொறுங்காமல் பத்தாண்டுகள் நின்றதால் விளையாட்டு தவறான பாடத்தைக் கற்பிக்கத் தொடங்கிவிட்டது.

அவன் தானாக விலகாததால் நிறுவனங்கள் விதிகளை மாற்றுகின்றன. மாட்ரிட் ஆட்டத்தில் எல்லா விதிகளும் உண்டு. டோக்கியோ ஆட்டத்தில் தண்டனைகள் நீக்கப்பட்டு, மாற்று ஆட்டக்காரர்களும் குறைக்கப்படுகின்றனர். நியூயார்க் ஆட்டத்தில் தண்டனையும் இல்லை, மாற்று ஆட்டக்காரரும் இல்லை, நேர வரம்பும் இல்லை. நேர வரம்பு இல்லாத ஆட்டம் எப்போது முடியும்? ஒருவரும் மிஞ்சாதபோதுதான்.

இம்மாற்றம் நடக்கும் முறை கவனிக்கத்தக்கது. ஜோனதனைக் கொல்லும்படி எவரும் ஆணையிடுவதில்லை. நஞ்சு வைப்பதில்லை, ஆள் ஏவுவதில்லை. ஒரு கூட்டத்தில் ஒரு விதி நீக்கப்படுகிறது, அவ்வளவே. ஆட்டக்காரர்கள் புதிய விதிப்படி ஆடுகின்றனர். பார்வையாளர்கள் முன்னிலும் உற்சாகமாகப் பார்க்கின்றனர். கொலைக்குக் கொலைகாரன் இல்லாமல்போகிறது. இப்படத்தைச் சாதாரண சண்டைப் படங்களிலிருந்து பிரிப்பது இந்தப் பகுதியே ஆகும். வேகமான காட்சிகளில் மனம் ஒன்றிவிட்டால் இதைத் தவறவிட வாய்ப்புண்டு.

நூலகமும் பதின்மூன்றாம் நூற்றாண்டும்

தன்னை ஏன் விலக்குகின்றனர், இந்த முடிவுகளை யார் எடுக்கின்றனர், நிறுவன ஆட்சி எவ்வாறு வந்தது என்று அறிய ஜோனதன் நூலகத்துக்குச் செல்கிறான். அங்கு நூல்கள் இல்லை. எல்லாம் கணினிக்கு மாற்றப்பட்டு, சுருக்கங்கள் மட்டும் கிடைக்கின்றன. எதைச் சுருக்குவது, எதை விடுவது என்பதை நிறுவனங்கள் முடிவுசெய்திருக்கின்றன.

தேர்வுக்குச் சுருக்கத்தை மட்டும் படித்துச் செல்லும் பழக்கம் தமிழ்நாட்டு மாணவருக்குப் புதியதன்று. தலைமுறைகளாகப் பள்ளி மாணவர்கள் நம்பியிருந்த கோனார் தமிழ் உரை திருச்சியில் பிறந்ததே. திருச்சி தூய வளனார் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஐயம்பெருமாள் கோனார் எழுத, பழனியப்பா பிரதர்ஸ் அதை வெளியிட்டது. ஆனால் அவ்வுரையில் செய்யுள் முதலில் இருக்கும். பதவுரை, பொழிப்புரை பின்னர் வரும். சந்தேகம் எழுந்தால் மூலத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ரோலர்பால் உலகில் மூலம் போய்விட்டது. சுருக்கம் சரியா, தவறா என்று சரிபார்க்க எதுவும் எஞ்சவில்லை.

முழுத் தகவலும் ஜெனீவாவில் உள்ள தலைமைக் கணினியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஜோனதன் அங்கும் செல்கிறான். அக்கணினியின் பெயர் சைபர் என்று பொருள்படும் 'ஸீரோ'. அதைப் பராமரிக்கும் முதிய நூலகராக ரால்ஃப் ரிச்சர்ட்சன் நடித்துள்ளார். கணினி எதையோ இழந்துவிட்டது என்று அவர் சலித்துக்கொள்கிறார். இழந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டு முழுவதும். பெரிதாக ஒன்றும் போய்விடவில்லை, தாந்தேயும் நெறிகெட்ட சில போப்பாண்டவர்களும்தான் என்று அவரே தேற்றிக்கொள்கிறார். பின்பு பதில் சொல்லாமல் குழப்பும் கணினியைக் காலால் உதைக்கிறார். ஐந்தே நிமிடம் வரும் வேடமாயினும் பார்த்தவர் மறப்பதில்லை.

திருவரங்கத்து வாசகருக்கு இக்காட்சியில் கூடுதலான பொருள் உண்டு. காவிரிக்கரையில் பதின்மூன்றாம் நூற்றாண்டு என்பது வெறும் எண் அன்று. ஹொய்சாளர்கள் இன்றைய சமயபுரம் அருகே கண்ணனூரில் தலைநகர் அமைத்துத் தங்கியதும், முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் அவர்களை வென்று திருவரங்கம் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததும் அந்நூற்றாண்டில்தான். 'கோயில் பொன் வேய்ந்த பெருமாள்' என்னும் பட்டப்பெயரும் அதனால் வந்தது. அக்கோயிலில் பல காலங்களைச் சேர்ந்த 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அடுத்த நூற்றாண்டின் முதற்பாதியில் நடந்த படையெடுப்பில் உற்சவரையே ஊரைவிட்டு எடுத்துச்சென்று பல்லாண்டுகள் காக்க வேண்டி வந்தது. கல்லில் வெட்டியது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரே இடத்தில், ஒரே கருவியில், ஒரே அதிகாரத்தின் கீழ் எல்லாவற்றையும் சேர்த்துவைத்தால் என்ன ஆகும் என்று 1975இலேயே இப்படம் கேட்டுவிட்டது.

படப்பிடிப்பும் இசையும்

பெரும்பகுதி ஜெர்மனியின் மியூனிக் நகரில் எடுக்கப்பட்டது. 1972 ஒலிம்பிக் கூடைப்பந்தாட்டத்துக்கென்று கட்டப்பட்ட உள்ளரங்கிலேயே ரோலர்பால் தடம் அமைக்கப்பட்டது. மிதிவண்டிப் பந்தயத் தடங்களை வடிவமைப்பதில் பெயர்பெற்ற ஹெர்பர்ட் ஷூர்மன் இதை வடிவமைத்தார். எரிசக்தி நிறுவனத்தின் தலைமையகமாகக் காட்டப்படுவது அந்நகரிலுள்ள பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் கட்டடம் ஆகும். எதிர்காலக் கட்டடங்களைச் செலவிட்டு உருவாக்காமல், அன்று புதிதாக எழுந்திருந்த கட்டடங்களையே எதிர்காலமாகக் காட்டினர். கலை இயக்குநர் ஜான் பாக்ஸ் இப்படத்துக்காகப் பிரித்தானியத் திரைப்பட அகாதமியின் விருதைப் பெற்றார். ஒளிப்பதிவு டக்ளஸ் ஸ்லோகோம்ப்.

ஆட்டக் காட்சிகளில் சண்டைக் கலைஞர்களும் சக்கரக் காலணி ஆட்டக்காரர்களும் பங்கேற்றனர். உயிரைப் பணயம் வைத்து விழுந்து எழுந்த அச்சண்டைக் கலைஞர்களின் பெயர்கள் படத்தின் முடிவில் தனியே காட்டப்பட்டன. அக்காலத்தில் அது வழக்கமில்லை.

இசையமைப்பாளர் ஆந்த்ரே பிரெவின் பாக், அல்பினோனி, ஷோஸ்தகோவிச், சைகோவ்ஸ்கி ஆகியோரின் செவ்வியல் இசையைப் பயன்படுத்தினார். படம் தொடங்குவதும் முடிவதும் தேவாலய ஆர்கன் கருவியில் வாசிக்கப்படும் பாக்கின் இசையோடுதான். ஆளில்லாத ஆடுகளத்தில் விளக்குகள் எரியத் தொடங்கும்போது அது ஒலிக்கையில், நடக்கப்போவது விளையாட்டா, பலியா என்ற ஐயம் பார்ப்பவருக்கு எழும்.

வரவேற்பும் ஒரு முரண்பாடும்

விமர்சகர்களின் கருத்து இருவேறாக இருந்தது. வன்முறையைக் கண்டிக்கும் படம் வன்முறையைக் காட்டியே பார்வையாளரை ஈர்க்கிறது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. அதைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆட்டக் காட்சிகள் விறுவிறுப்பானவை. ஆட்டமில்லாத காட்சிகள் வேண்டுமென்றே மெதுவாக நகர்பவை. பார்ப்பவர் அடுத்த ஆட்டம் எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கும்போது, திரையில் உள்ள கூட்டத்தில் தாமும் ஒருவராகிவிடுகிறார்.

படத்துக்குப் பின் நடந்தது இதைவிட விசித்திரமானது. படப்பிடிப்பு இடைவேளைகளில் கலைஞர்கள் இவ்விளையாட்டை உண்மையாகவே ஆடி மகிழ்ந்தனர். படம் வெளிவந்ததும், ரோலர்பால் போட்டித் தொடரைத் தொடங்க உரிமை வேண்டும் என்று போட்டி ஏற்பாட்டாளர்கள் ஜூவிசனை அணுகினர். இப்படி ஒரு விளையாட்டு வந்துவிடக் கூடாது என்று எச்சரிக்கப் படமெடுத்தவருக்கு அது கடும் சினத்தை ஊட்டியது. ஜேம்ஸ் கான் 2022 ஜூலையிலும், ஜூவிசன் 2024 சனவரியிலும் மறைந்தனர்.

நிறுவனங்களின் அணிகள்

படம் வந்த காலத்தில், ஊர் அணியை ஒரு நிறுவனம் சொந்தமாக வைத்திருப்பது என்பது இந்தியப் பார்வையாளருக்கு அறிமுகமில்லாத செய்தி. 2008இல் ஐ.பி.எல். தொடங்கியபின் அது இயல்பாகிவிட்டது. சென்னை அணியை முதலில் விலைக்கு வாங்கியது இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம். 2016இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் தொடங்கியபோது திருச்சி அணிக்கு ரூபி திருச்சி வாரியர்ஸ் என்று பெயர். பிறகு அது பால்சி திருச்சி ஆனது. 2024 முதல் திருச்சி கிராண்ட் சோழாஸ். ஊர்ப்பெயர் நடுவில் நிலையாக நிற்க, முன்னும் பின்னும் உள்ள பெயர்கள் மாறுகின்றன.

இதில் தவறேதும் இல்லை. சிற்றூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் பலருக்கு இப்போட்டிகள் வாழ்வளித்துள்ளன. ரோலர்பாலுடன் ஒப்பிடத்தக்க இடம் வேறு. ஆட்டத்தின் விதியை யார் மாற்றலாம், எதற்காக மாற்றலாம் என்பதே அது. 2023 முதல் ஐ.பி.எல். போட்டிகளில் ஆட்டத்தின் இடையே ஓர் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளும் 'இம்பேக்ட் பிளேயர்' முறை வந்தது. ரன் குவிப்பு கூடி ஆட்டம் விறுவிறுப்பானது. பந்தும் மட்டையும் இரண்டிலும் திறமையுள்ளவரின் இடம் சுருங்குகிறது என்று ஆட்டக்காரர்களே குறைப்பட்டனர். இங்கு எவர் உயிருக்கும் கேடில்லை. எனினும் பார்ப்பவரின் சுவைக்காக விதி மாறினால் அதன் விலையை ஆடுபவர் தருகிறார் என்ற உண்மை இதிலும் இருக்கிறது.

ஏறுதழுவலோடு ஒப்பீடு

வன்மை மிகுந்த விளையாட்டு என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது சல்லிக்கட்டு. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவலை விரிவாகக் காட்டுகிறது. இன்று மதுரை வட்டாரம் அதற்குப் பெயர்பெற்றிருந்தாலும், திருச்சி மாவட்டத்திலும் பெரிய சூரியூர், நவலூர் குட்டப்பட்டு, மணப்பாறை அருகே ஆவாரங்காடு ஆகிய ஊர்களில் பொங்கலையொட்டி வாடிவாசல் திறக்கும்.

ரோலர்பாலில் விதிகள் மேலிருந்து ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. சல்லிக்கட்டில் நடந்தது நேர் எதிரானது. 2009இல் தமிழ்நாடு அரசு சல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 சனவரியில் மெரினா கடற்கரையிலும் திருச்சி உட்பட மற்ற ஊர்களிலும் இளைஞர்கள் திரண்டனர். அம்மாதமே மாநில அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்த நீண்ட வழக்கின் பயனாக விதிகள் கூடின. காளைக்கும் வீரருக்கும் முன்கூட்டியே மருத்துவச் சோதனை உண்டு. திமிலை மட்டுமே தழுவ வேண்டும். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. பார்வையாளருக்கும் களத்துக்கும் இடையே இரட்டைத் தடுப்பு வேண்டும். வீரர்கள் சுற்று முறையில் மாற்றி இறக்கப்படுகின்றனர். மருத்துவக் குழுவும் காவலர்களும் களத்தில் இருப்பர். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வாடிவாசல் திறக்க முடியாது.

இத்தனைக்குப் பின்னும் ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் உயிரிழப்புச் செய்திகள் வருகின்றன. அவர்களில் களத்தில் இறங்கிய வீரர்கள் மட்டுமல்லர், வேடிக்கை பார்க்க வந்தவர்களும், வெளியேறும் காளையைப் பிடிக்க நின்ற உரிமையாளர்களும் உண்டு. பரிசுகளும் வளர்ந்துவிட்டன. அண்டா, வேட்டி, வெள்ளிக்காசு என்று இருந்த இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிளும் காரும் நிற்கின்றன. பரிசு பெரிதாகும்போது துணிவும் பெரிதாகும். விதியை மீறும் ஆசையும் உடன் வளரும். தடுப்புக் கட்டையைக் கூட்டம் தள்ளும் அந்த நேரத்தில், நடுவரின் சொல் எடுபடுகிறதா என்பதைப் பொறுத்தே அன்றைய நாள் திருவிழாவாக முடிவதும் துக்கமாக முடிவதும் அமைகின்றன.

சுஜாதாவின் கேட்டுலகம்

சுஜாதா என்ற எஸ். ரங்கராஜன் 1935 மே 3 அன்று சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து, திருவரங்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர். மேலே குறிப்பிட்ட தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் அவர் காட்டும் ஊரும் அதன் தெருக்களில் ஆடிய கிரிக்கெட்டும் வாசகர்க்கு நன்கு தெரிந்தவை. அதே கையால் எழுதிய 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'.

அப்புதினத்தில் ஜீவா என்னும் சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறார். மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்கள்தாம். குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் இளம்பெண்ணின் கணவன் சிபி திடீரெனக் காணாமல்போக, அவளுக்கு ரவி, மனோ ஆகியோரும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் துணையாகின்றனர். ஜோனதன் ஜெனீவா வரை சென்று பதில் கிடைக்காமல் திரும்புவதுபோல, நிலாவும் அதிகாரத்தின் மையம் வரை செல்கிறாள். அங்கே அவளுக்குத் தெரியவருவது, ஜீவா உயிருள்ள மனிதர் அல்லர், ஒளியால் உண்டாக்கிய முப்பரிமாண உருவம் என்பது.

இரண்டு படைப்புகளும் சந்திக்கும் இடம் இதுவே. ரோலர்பாலின் உலகில் முடிவு எடுப்பவர் யார் என்று கடைசிவரை தெரிவதில்லை. பார்த்தலோமியூகூட மற்றவர்களிடம் திரை வழியாகப் பேசி ஒப்புதல் வாங்குபவரே. ஜீவாவின் உலகில் முடிவெடுப்பவரின் முகம் எல்லோருக்கும் தெரியும்; ஆனால் முகத்துக்குப் பின்னால் ஆள் இல்லை. மக்களை மயக்கும் கருவி மட்டும் வேறு. ஹாரிசன் அமெரிக்கர், விளையாட்டரங்கைத் தேர்ந்தார். சுஜாதா மக்கள் தினமும் கண்டு வணங்கும் ஒரு தலைவரின் உருவத்தைத் தேர்ந்தார். தமிழ்நாட்டை அறிந்தவர் செய்யக்கூடிய தேர்வு அது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஜோனதனின் உலகில் நூல்கள் அழிந்தன; அவன் அவற்றைத் தேடிச்சென்று ஏமாந்தான். சுஜாதாவின் கதையில் படிப்பில் ஆர்வம் கொண்டது இயந்திர நாய். எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்தே ஜீனோ சிந்திக்கவும் கேலிபேசவும் கற்றுக்கொள்கிறது.

இவ்வகையிலான பிற படங்கள்

ரோலர்பால் வெளிவந்த அதே 1975இல் ரோஜர் கார்மன் தயாரித்த 'டெத் ரேஸ் 2000' என்னும் படமும் வந்தது. சாலையில் செல்வோரை மோதிக் கொன்றால் புள்ளி கிடைக்கும் கார்ப் பந்தயம் பற்றிய எள்ளல் படம் அது. இதற்குப் பத்தாண்டு முன்பே, 1965இல், மனிதரை மனிதர் வேட்டையாடும் சட்டப்படியான போட்டியைப் பற்றிய 'பத்தாவது பலி' என்ற இத்தாலியப் படம் வந்திருந்தது. 1987இல் அர்னால்டு சுவார்செனேகர் நடித்த 'தி ரன்னிங் மேன்', 2000இல் ஜப்பானின் 'பேட்டில் ராயல்', 2012இல் 'தி ஹங்கர் கேம்ஸ்', 2021இல் கொரியத் தொடரான 'ஸ்குவிட் கேம்' ஆகியவை இவ்வழியில் வந்தவை. கடைசித் தொடரில் கடன்பட்ட ஏழைகள் தாமாகவே ஒப்புக்கொண்டு ஆட வருகின்றனர் என்பது புதுமை.

2002இல் ரோலர்பால் மறுஆக்கம் செய்யப்பட்டது. ஜான் மெக்டியர்னன் இயக்க, கிறிஸ் கிளைன், ஜான் ரெனோ நடித்தனர். நிறுவன ஆட்சியும் நூலகமும் விடுபட்டு, கதை மத்திய ஆசியாவில் நடக்கும் சூதாட்டப் போட்டியாகச் சுருங்கியது. படம் தோல்வியடைந்தது.

இந்தியாவில் இவ்வகைக்கு நெருங்கி வந்தது, விகாஸ் பாஹ்ல் இயக்கி 2023 அக்டோபர் 20 அன்று வெளியான 'கணபத்' என்னும் இந்திப் படம் ஆகும். போருக்குப் பின் செல்வர்கள் மதில் எழுப்பிய நகருக்குள் வாழ, ஏழைகள் வெளியே தவிக்கும் 2070ஆம் ஆண்டில் கதை நிகழ்கிறது. மதிலுக்கு வெளியே இருப்பவர்களின் குத்துச்சண்டை, உள்ளே இருப்பவர்களின் பந்தயப் பொருளாகிறது. டைகர் ஷெராஃப், கிருத்தி சனோன், அமிதாப் பச்சன் நடித்தனர். 'புதுப் புது அர்த்தங்கள்' படத்தில் நடித்த ரகுமான் நாயகனுக்குப் பயிற்சி தரும் சிவா என்ற வேடத்தில் நடித்தார். படம் தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. ஆனால் வசூலில் தோல்வியுற்றது.